ஓட்டுநர்களின் இருக்கைப் பட்டி, செல்லிடத் தொலைபேசிப் பயன்பாடு

வாகன ஓட்டுநர் இருக்கைப் பட்டி (சீட் பெல்ட்) அணிவதும், ஓட்டும்போது செல்லிடத் தொலைபேசியைத் தவிர்ப்பதும் வயது, பால், வாகன வகை, உடன் பயணிப்போர், சட்டம் முதலிய காரணிகளைச் சார்ந்தவை. ஐக்கிய அமெரிக்காவில் இவை சாலையோரக் கணக்கெடுப்புகள் மூலம் அறியப்படுகின்றன.

இருக்கைப் பட்டி

1980களின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 14% பேரே பட்டி அணிந்தனர். 1984 இல் நியூயார்க் மாநிலம் முதன்முதலாக இதனைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 2019 இல் முன்னிருக்கைப் பயன்பாடு 90% ஐத் தாண்டியிருந்தது. பட்டி அணியாமைக்காக மட்டுமே வாகனத்தை நிறுத்தக் காவலருக்கு அதிகாரமுள்ள மாநிலங்களில் பயன்பாடு கூடுதலாகும். வேறு குற்றத்துக்காக நிறுத்திய பின்னரே தண்டம் விதிக்க இயலும் மாநிலங்களில் இது குறைவு. ஆண்களும் பிக்கப் வாகன ஓட்டுநர்களும் ஏனையோரைவிடக் குறைவாகவே அணிகின்றனர்.

செல்லிடத் தொலைபேசி

ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவதை 2001 இல் முதலில் தடைசெய்த மாநிலமும் நியூயார்க்கே. இளையோரும் தனியே பயணிப்போரும் கூடுதலாகப் பயன்படுத்துகின்றனர். பட்டி அணியாததைக் காவலர் வெளியிலிருந்தே காணலாம். மடியில் வைத்துக் குறுஞ்செய்தி அனுப்புவதைக் காண்பது கடினம். கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் சிதறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அச்சிதறலைக் காவலரால் காண இயலாது. எனவே பட்டி அணிவதைப் பரவலாக்கிய தண்டமுறையை இங்கு நடைமுறைப்படுத்துவது எளிதன்று.