முரண்படும் மதிப்புரைகள்

சேர்த்து வைத்த சிறுதொகையில் ஹெட்போன் ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்க விரும்பும் இளைஞன், அதன் மதிப்புரைகளைப் படித்துத் திகைக்கின்றான். "ஆற்றல் போதாது" என்கிறார் ஒருவர். "இரைச்சல் மிகுதி" என்கிறார் மற்றொருவர். மூன்றாமவரோ இதற்கு இணையில்லை என்கிறார். இவர்களுள் பொய்யர் யார்? பெரும்பாலும் எவருமிலர்.

எங்கள் ஓரிக்கையில், கனத்த சரிகைப் பட்டுப் புடவையை மணமகளின் தாய் புகழ்வார். நாள் முழுதும் அதை உடுத்தி நிற்கும் மணமகளோ பாரம் என்பாள். புடவை ஒன்றே.

ஆம்ப்ளிபயரின் செய்தியும் அத்தகையதே. ஹெட்போன் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, ஓம் என்னும் அலகால் அளக்கப்படும். 1 வோல்ட் அழுத்தத்தில் 32 ஓம் ஹெட்போன் ஏறத்தாழ 31 மில்லிவாட் ஆற்றலைப் பெறும். 300 ஓம் ஹெட்போன் பெறுவதோ ஏறத்தாழ 3.3 மில்லிவாட்டே. ஆகவே பின்னதை மாட்டியவருக்கு ஒலி போதாமற் போகலாம். காதினுள் செருகும் நுண்ணுணர்வு மிக்க இயர்போனை மாட்டியவருக்கோ, ஆம்ப்ளிபயரின் சொந்த இரைச்சலும் கேட்கும். எழுதியவர் எதை மாட்டிக் கேட்டார் என்பதை முதலில் தேடுங்கள். அதைச் சொல்லாத மதிப்புரையைத் தள்ளிவிடலாம்.

"இனிமை", "செழுமை" என்னும் சொற்களை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. சற்றே உரக்க ஒலிப்பது இனிமையாகத் தோன்றுவது செவியின் இயல்பு. ஆறு மாதத்தில் செருகுதுளை தளர்ந்தது என்று மூவர் எழுதியிருப்பின், அதுவே எனக்குப் பெரிய செய்தி.

இன்னொன்று. உங்கள் ஹெட்போன் 32 ஓம் ஆயின், கைபேசியில் முக்கால் அளவு ஒலியிலேயே தெளிவாகக் கேட்கின்றதா என்று பாருங்கள். கேட்குமாயின் ஆம்ப்ளிபயரே வேண்டியதில்லை.