எபிசோடு எழுத்து வடிவம்: சோடா ஆஷ்ல சாம்பல் எங்கே?

கொல்லிமலை அரியூர் நாட்டுல, சொந்தக்காரங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுறேன். பின்னாடி கேக்குற சரக் சரக் சத்தம், அத்தை அடுப்புச் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்கிறது. இன்னைக்கு விஷயமும் அந்தச் சாம்பல்லேர்ந்துதான் ஆரம்பிக்குது.

சோடியம் கார்பனேட்டுக்கு வியாபாரப் பேரு சோடா ஆஷ். கண்ணாடி, சோப்பு, சலவைத்தூள் எல்லாத்துக்கும் இது வேணும். ஒரு காலத்துல இது நிஜமாவே சாம்பல்தான். ஆனா இந்த மலை விறகுச் சாம்பல் உதவாது, இதுல பொட்டாசியம்தான் அதிகம். சோடியம் வேணும்னா கடலோர உப்பு மண்ல வளர்ற செடியை எரிக்கணும், நம்ம தூத்துக்குடிப் பக்கத்து உமரி மாதிரி. ஸ்பெயின்ல இதுக்குன்னே செடி வளர்த்து எரிச்சாங்க.

தொழிற்சாலைகள் பெருகினதும் அது போதலை. 1791-ல நிக்கோலா லெப்ளாங்க் என்ற பிரெஞ்சு மருத்துவர், சாதாரண உப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய ஆலை பறிமுதலாச்சு. 1806-ல தற்கொலை செய்துகொண்டார். ஆனா முறை பிழைச்சுது, இங்கிலாந்துல பெரிய தொழிலாவே வளர்ந்துச்சு.

முறை இதுதான். உப்புல கந்தக அமிலம் ஊத்திச் சூடாக்கினா சோடியம் சல்பேட் வரும். அதோட சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் சேர்த்து உலையில வறுக்கணும். ஆளுங்க அனல் முன்னாடி நின்னு, நீளமான இரும்புக் கம்பியால கிளறிக்கிட்டே இருப்பாங்க. கடைசியில கறுப்புக் கட்டி கிடைக்கும். அதைத் தண்ணில ஊறவெச்சா சோடா மட்டும் கரைஞ்சு வரும், காய்ச்சினா வெள்ளைப் பொடி.

சரி, மிச்சம் எங்கே போச்சு? நான் உக்காந்து கணக்குப் போட்டேன். சமன்பாட்டின்படி 1 டன் சோடாவுக்குச் சுமார் 690 கிலோ ஹைட்ரோகுளோரிக் அமில வாயு, 680 கிலோ கால்சியம் சல்பைடு. சரக்கை விடக் குப்பை அதிகம்! சல்பைடை ஆலைக்கு வெளியே மலை மலையாக் கொட்டினாங்க, மழை பட்டா அழுகின முட்டை நாத்தம். வாயு புகைபோக்கி வழியா போய், சுத்துவட்டார மரத்தையும் பயிரையும் கருக்கிச்சு.

1836-ல வில்லியம் காஸேஜ் ஒரு கோபுரம் கட்டி, மேலிருந்து தண்ணி வடியவிட்டு, கீழிருந்து ஏறும் வாயுவைக் கரைச்சுப் பிடிச்சார். வழி தெரிஞ்சும் பலர் செய்யல. 1863-ல பிரிட்டனில், 95 சதவீத வாயுவைப் பிடிச்சே ஆகணும்னு சட்டம் வந்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிடிச்ச அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து, பிளீச்சிங் பவுடர் ஆக்கி வித்தாங்க. சோடாவை மலிவாச் செய்யற சால்வே முறை வந்த பிறகும், பழைய ஆலைகளுக்குக் கொஞ்ச காலம் சோறு போட்டது இந்தக் குப்பைதான்.

சால்வே முறையில உப்புத் தண்ணியில அமோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் செலுத்துவாங்க. வழக்கமா அமோனியாவைத் திரும்ப எடுத்துட்டு, கால்சியம் குளோரைடை மிச்சமா விடுவாங்க. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில கொஞ்சம் மாத்திட்டாங்க: அமோனியம் குளோரைடாவே எடுத்து உரமா விக்கிறாங்க, கிட்டத்தட்ட சோடாவுக்குச் சம எடை. 2016-ல தங்களோட நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிடிக்கவும் ஆரம்பிச்சாங்க, ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கிற அளவுக்கு. அந்தப் புகைதான் இப்போ சோடா ஆஷுக்கு மூலப்பொருள்.