வில்லன் பாலையா எங்கே போனார்?

போன மாசம் கொல்லிமலைக்குப் போனபோது, செம்மேட்டில் மழைக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் போனில் 'காதலிக்க நேரமில்லை' (1964) ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம். எல்லாரும் சிரிக்க, ஒரு பெரியவர் மட்டும், "அந்தக் காலத்துல இவரு வில்லனுங்க. பாத்தாலே பயமா இருக்கும்" என்றார்.

நான் டி.எஸ்.பாலையாவை காமெடி அப்பாவாக மட்டுமே பார்த்து வளர்ந்தவன். ஊர் திரும்பியதும் பழைய படங்களைத் தேடினேன்.

பாலையா நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'தான் முதல் படம், எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல். அடுத்த வருஷம் 'அம்பிகாபதி'யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு வில்லன். நடுவே 'வேலைக்காரி'யில் (1949) கதாநாயகனுக்கு யோசனை சொல்லும் நண்பன். அப்புறம் ஒருநாள் வில்லத்தனத்தை விட்டுவிட்டு காமெடிக்கு மாறினார் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதரைப் பாருங்கள். பாண்டியன் சபைக்குள் அவர் நடந்து வரும் தோரணை அசல் வில்லனுடையது. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று பழகிய தொண்டை, வார்த்தையை இழுத்து, நிறுத்தி, சட்டென்று வெட்டும். பாட்டுக்குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, ஆனால் அந்தத் திமிர் முழுக்க பாலையாவின் கழுத்திலும் கையிலும் இருக்கிறது. ராத்திரி திண்ணையில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்டதும் அது மொத்தமும் சரிகிறது. ஏறியது நிஜமான உயரம், அதனால்தான் விழும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. (கொஞ்சம் பாவமாகவும் இருக்கும், எனக்கு.)

பேய்க்கதைக் காட்சியில் இதற்கு நேர் எதிர். சத்தமெல்லாம் நாகேஷுடையது. பாலையாவுக்கு வசனமே குறைவு. கண்ணும் வாயும்தான் வேலை செய்கின்றன. மற்றவர்களைப் பயமுறுத்தியே வருஷக்கணக்கில் பிழைத்தவருக்கு, பயம் ஒரு முகத்தில் எங்கே ஆரம்பித்து எப்படி இறங்கும் என்பது அத்துப்படி. எதிரே நின்றவர்களின் முகத்தில் பார்த்ததை இப்போது தன் முகத்தில் போட்டுக்கொள்கிறார். நாகேஷுக்கு ஈடுகொடுக்க அவர் குரலை உயர்த்தவே இல்லை என்பதுதான் என்னை அசத்தியது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில்காரரில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும்: வித்வான் கர்வம், கூடவே குறும்பு. 1972-ல் காலமானார்.

பேய்க்கதைக் காட்சியை நேற்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் கதை புரிகிறது.