மலைக்காட்டில் ஒரு தாய்க்கோழி

நம் வீடுகளில் கோழியை அடை வைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூடையில் வைக்கோலைப் பரப்பி, முட்டைகளை அடுக்கி, கோழியை அதன்மேல் அமர்த்தி, இருட்டான மூலையில் வைத்துவிடுகிறோம். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கும். பூனை வந்தால் அம்மா விரட்டுவார். சந்தவாசலுக்கு மேற்கே தெரியும் ஜவ்வாது மலைக் காடுகளிலோ, கூடையும் கூரையும் இல்லாமல், விரட்டுவதற்கு ஆளும் இல்லாமல், இதே வேலையைச் செய்கிற தாய் ஒன்று உண்டு. அதுதான் காட்டுக்கோழி.

உலகில் காட்டுக்கோழிகள் நான்கு வகைப்படும். வட இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்வது செங்காட்டுக்கோழி. இலங்கைக்கு உரியது ஒன்று, ஜாவா முதலிய தீவுகளுக்கு உரியது ஒன்று. நம் மலையில் வாழ்வது சாம்பல் காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. கிறிஸ்துமஸ் விருந்தை ஒட்டிப் பேசப்படும் வான்கோழியும் இதற்குத் தூரத்து உறவுதான். ஆனால் அதன் தாய்நாடு வட அமெரிக்கா.

சேவலின் அழகு அதன் கழுத்தில் இருக்கிறது. கருமை கலந்த சாம்பல் நிற இறகுகளின் மேல், உருக்கிய அரக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டதுபோல் வெள்ளையும் பொன்மஞ்சளுமாகப் பளபளக்கும் புள்ளிகள். நம் முன்னோர் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகைப் பாட்டொன்றில் கானங்கோழிச் சேவலின் புள்ளியுள்ள கழுத்து பேசப்படுகிறது. மேனாட்டார் இதே இறகைத் தூண்டிலில் கட்டி மீன் பிடித்தார்கள். அதற்காகவே ஏராளமான சேவல்கள் கொல்லப்பட்டன. பிறகு இறகு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது.

பெட்டைக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. முதுகு பழுப்பு நிறம். நெஞ்சில் வெள்ளை இறகுகளுக்குக் கறுப்பு ஓரம். சருகின் நடுவே உட்கார்ந்துவிட்டால் இரண்டடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. அழகில்லாத பறவை என்று சிலர் நினைக்கலாம். அதன் உயிரையும் அதன் குஞ்சுகளின் உயிரையும் காப்பது அந்த நிறமே.

விடியற்காலையில் சேவல் கூவும். நாட்டுச் சேவலின் நீண்ட கூவல் அன்று. வெட்டி வெட்டி ஒலிக்கும் குரல். அதைக் கேட்டு அடுத்த சரிவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். பிறகு இரவு தங்கிய மரத்திலிருந்தோ மூங்கிற் புதரிலிருந்தோ இறங்கி, சருகைக் கிளறிக்கொண்டு நாளைத் தொடங்குகின்றன. கறையான், புழு பூச்சி, புல் விதை, இலந்தை, சூரை, உண்ணிச்செடியின் பழம் எல்லாம் இவற்றுக்கு உணவு. அறுவடை முடிந்த கொல்லைகளின் ஓரத்திற்கும் தானியம் பொறுக்க வருவதுண்டு. வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி மண்ணில் புரண்டு குளிக்கும். இறகில் ஒட்டும் பேன் முதலியவற்றை நீக்கவே இந்தப் புழுதிக் குளியல். ஆள் அரவம் கேட்டால் பறப்பதைவிட, தலையைத் தாழ்த்திக்கொண்டு புதருக்குள் ஓடுவதையே விரும்பும்.

ஆண்டின் எந்த மாதத்திலும் முட்டையிடலாம் என்றாலும், பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரையே அதற்குரிய காலம். கூடு என்று சொல்லவே சற்றுத் தயக்கமாக இருக்கிறது. புதரடியிலோ மரத்தடியிலோ தரையை லேசாகப் பறித்து, காய்ந்த இலைகளை இட்டுக்கொள்கிறது, அவ்வளவே. நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். இட்ட உடனே அடையில் உட்காராது. கடைசி முட்டை விழுந்த பிறகே உட்காரும். இதனால் முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிகின்றன. பிந்திப் பிறந்த குஞ்சை விட்டுப் போகவேண்டிய நிலை தாய்க்கு வராது.

அடைகாலம் நம் வீட்டுக் கோழிக்கு உள்ளது போலவே சுமார் 21 நாட்கள். அடைகாப்பதில் சேவலுக்குப் பங்கில்லை. தாயின் வயிற்றுப்புறத்தில் இறகு உதிர்ந்து, சூடான தோல் நேரே முட்டையில் படுகிறது. அவ்வப்போது அலகால் முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. இரை தேடச் சிறிது நேரமே வெளியே போகும். கீரி, உடும்பு, பாம்பு, காட்டுப்பூனை எல்லாவற்றிற்கும் எதிராக அதனிடம் உள்ள ஆயுதம் அசையாமை ஒன்றுதான். மிதிபடும் வரை எழாமல் உட்கார்ந்திருக்கும்.

பொரிந்த குஞ்சுகள் ஈரம் உலர்ந்ததும் நடக்கத் தொடங்கிவிடும். மஞ்சட்கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இருப்பதால் ஓரிரு நாள் இரையின்றியும் தாங்கும். தாய் தரையைக் கொத்திக் காட்டி மெல்லக் கூப்பிட, ஓடிவந்து பொறுக்கக் கற்றுக்கொள்கின்றன. வளரும் உடம்புக்குப் பூச்சிதான் முக்கியமான தீனி. வானில் வல்லூறு தெரிந்தால் தாயின் குரல் மாறும். குஞ்சுகள் சருகோடு சருகாகப் பதுங்கும். அவற்றின் முதுகுக் கோடுகள் அப்போது உதவுகின்றன. இரவுக் குளிரில் அத்தனையும் தாயின் சிறகடியில் ஒடுங்கும். நம் ஆண்டவர் எருசலேமை நினைத்து வருந்தியபோது இந்தக் காட்சியைத்தான் உவமையாக எடுத்தார் என்பதை மத்தேயு நற்செய்தியில் படித்திருக்கிறோம்.

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளின் காலிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான மரபணு, நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். இப்பறவையின் அறிவியற் பெயரில் இருப்பது, பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையறிஞர் பியேர் சொன்னெராவின் பெயர்.

இதன் அடைகாலம் நம் மலையில் வெயில் கொளுத்தும் காலம் என்பதை மறக்கக்கூடாது. புல் காய்ந்து கிடக்கும்போது யாரோ எறிந்த பீடித் துண்டு போதும், ஒரு சரிவே எரிந்துபோகும். பெரிய பறவை பறந்து தப்பும், முட்டை தப்பாது. விறகுக்குப் போகிறவர்கள் முட்டையைக் கண்டால் எடுத்துவந்து நாட்டுக்கோழியிடம் அடை வைப்பதும் உண்டு. குஞ்சு பொரிக்கும், ஆனால் கூடையில் அடங்காது. அச்சம் அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றமாகும். கூட்டைக் கண்டவர்கள் தொடாமல், அங்கேயே நிற்காமல், வந்த வழியே திரும்பிவிட வேண்டும். மனிதர் அடிக்கடி நடந்த தடம் கீரிக்கும் நாய்க்கும் வழியாகிவிடும்.

குஞ்சுகளுக்கு விரைவிலேயே சிறகு வலுத்து, தாழ்ந்த கிளைக்குத் தாவ வந்துவிடும். அதன்பின் குடும்பம் தரையில் தூங்குவதில்லை. சேவலோ ஜூன் வாக்கில் தன் புள்ளிக் கழுத்தை உதிர்த்துவிட்டுக் குட்டையான கறுத்த இறகு பூணுகிறது. மழைக்காலம் முழுவதும் அதன் குரல் குறைந்தே கேட்கும். செப்டம்பர் கடந்து புதிய இறகு முளைத்த பிறகு, விடியற்காலையில் மலைப்பக்கம் காது கொடுத்தால் மறுபடி அதைக் கேட்கலாம்.