வீட்டில் எலி புகாமல் தடுத்தல்

குடியானவர் வருஷமெல்லாம் பாடுபட்டு விளைவித்த நெல், குதிரில் சேர்ந்த பின்னும் எலிக்கு இரையாகின்றது. எலி தின்பதோடு நில்லாமல், மூத்திரத்தாலும் புழுக்கையாலும் எஞ்சிய தானியத்தையும் அசுத்தமாக்குகின்றது. எலிக்காய்ச்சல் அம்மூத்திரத்தால் பரவுவதே. பிளேக் நோயை எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி பரப்புகின்றதென்பதை 1898-ல் கராச்சியில் சிமாண்ட் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டறிந்தார்.

பூனையும் பொறியும் உள்ளே வந்த எலியைப் பிடிக்குமேயன்றி, அது வரும் வழியை அடைக்கமாட்டா. பெட்டையெலி சுமார் மூன்று வாரக் கர்ப்பத்தில் பல குட்டிகளை ஈனுமாதலால், வழியடைப்பதே முதற்காரியமாம்.

சுண்டெலி நுழையக் கால் அங்குல இடைவெளியே போதும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன; மண்ணும் மரமும் அவற்றிற்குத் தடையாகா. ஆகையால், மாலையில் வளைகளையெல்லாம் மண்ணால் மூடி, மறுநாட்காலை திறந்து கிடப்பவற்றில் எலி உண்டென்றறிந்து, அதனைப் பிடித்தபின் கண்ணாடித்துண்டு கலந்த சிமெண்டால் அடைத்தல் வேண்டும். கதவின் அடியில் தகரமும், ஜன்னலில் நெருங்கிய கம்பிவலையும் அறைதல் நலம். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டுக. குதிரை மூன்றடி உயரக் கால்களின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போன்ற தகரத்தைப் பொருத்தினால் எலி ஏறாது.

ஒரு வீட்டில் மட்டும் வழியடைத்தால் எலி அடுத்த வீட்டை நாடும். எனவே, சங்கத்து அங்கத்தினர் யாவரும் ஒரே வாரத்தில் இவ்வேலையை முடிப்பார்களாயின், விதைநெல்லும் குழந்தைகளின் ஆரோக்கியமும் ஒருங்கே காக்கப்படும்.