அரைப்படி நெல்லிலிருந்து அரிசி அட்டை வரை



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் ரேஷன் கடையைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். சோற்றைப் பேசாத தலித் எழுத்து குறைவு. தயா பவாரின் தன்வரலாற்றுக்குப் பெயர் 'பலுத்தா'. மகர் மக்கள் ஊருக்குச் செய்த ஊழியத்துக்காக விளைச்சலில் பெற்ற பங்கைக் குறிக்கும் மராத்திச் சொல் அது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' என்றால் எச்சில் சோறு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் துணி வெளுக்கும் ஆரோக்கியம் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருகிறாள். அவளுக்குச் சோறு போடுகிறவர்கள் சேரி மக்கள். சோறு யார் கையிலிருந்து வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது என்ற கேள்வி இந்த மூன்று நூல்களிலும் இருக்கிறது. அதே கேள்வியை அரசின் உணவுத் திட்டங்களை வைத்து இன்று கேட்டுப் பார்ப்போம்.

களத்து நெல்

கீழத்தஞ்சையில் பண்ணையாளின் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்கால் பண்ணையாருடையது, களமும் அவருடையது. இன்றைக்கு அளக்க முடியாது என்று அவர் சொன்னால் அன்று இரவு சேரியில் அடுப்பு எரியாது. அடிமைத்தனத்தைக் காக்கச் சவுக்கு மட்டும் போதாது. மறுநாள் சோற்றுக்கு வேறு வழி இல்லை என்ற நிலையும் வேண்டும். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்து கேட்டதும் பொறுக்க முடியாத குற்றங்களாயின. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் வந்தது. ஆனால் அது சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம். நெல் விளைந்த ஊரில் நெல்லை விளைவித்தவர் பண்ணையாரின் களத்தையே நம்பியிருந்தார்.

வயிறு நிறைவது மட்டுமே பிரச்சினையாக இருந்ததும் இல்லை. ராஜஸ்தானத்துச் சக்வாரா என்ற ஊரில் நடந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். யாத்திரை போய் வந்த தலித் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய் பரிமாறியதற்காகச் சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து தாக்கி உணவைப் பாழாக்கினார்கள். சாப்பிட்டவர்களுக்கு அந்த விருந்தை அவர் தம் சொந்தப் பணத்தில்தான் வைத்தார். இருந்தும் நெய் சாப்பிடும் தகுதி அவர்களுக்கு இல்லை என்பதே தாக்கியவர்களின் கோபம்.

எல்லோருக்கும் என்ற ஒரு சொல்

இந்த நிலையை மாற்றியவற்றில் பொது விநியோகத் திட்டமும் ஒன்று. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. வட மாநிலங்கள் பலவற்றில் ரேஷன் கடை தனியார் டீலரிடம் இருந்தது. ஊரின் பெரிய கையே பெரும்பாலும் அந்த டீலராகவும் இருந்தது. இங்கே பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் அரிசி என்ற முறையைத் தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் இங்கு நடைமுறைக்கு வந்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ என்பது அச்சட்டத்தின் கணக்கு. அதன் பிறகும் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைகளுக்கு மாநிலம் அரிசி கொடுத்து வருகிறது.

எல்லோருக்கும் கொடுப்பது வீண் செலவு, ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அப்படியானால் ஏழை யார் என்ற பட்டியலை யார் எழுதுவது? கிராமத்தில் பட்டியல் எழுதும் இடத்தில் ஊர்த்தெருவின் செல்வாக்குதான் உட்கார்ந்திருக்கும். பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தால், அரிசி அரசுடையதாக இருந்தாலும் பணிவு அந்த வாசலுக்குத்தான் போய்ச் சேரும். எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டால் அந்த வாசலுக்குப் போக வேண்டியதில்லை.

'இலவச அரிசி கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை' என்ற புலம்பலை நாம் எல்லா ஊரிலும் கேட்கிறோம். அதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். வீட்டில் அரிசி இருக்கிறவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதில்லை, கூலியைப் பேசிவிட்டுப் போகிறார். அன்று அரைப்படிக்காகக் கேட்ட குரல்தான் இன்று கொஞ்சம் தைரியமாகப் பேசுகிறது. புலம்புகிறவர்கள் இழந்தது உழைப்பை அல்ல, அதட்டும் உரிமையை.

கரண்டி யார் கையில்?

அரிசி வந்துவிட்டதால் சாதி போய்விடவில்லை. 2003இல் இந்திய தலித் ஆய்வு நிறுவனம் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் எந்தத் தெருவில் இருக்கின்றன, சமைப்பவர் யார், பந்தி எப்படி என்று அது கேட்டது. தனிப்பந்தி, அளவில் குறைத்தல், தலித் சமையலர்களுக்கு எதிர்ப்பு ஆகியவை அதில் பதிவாயின. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று உணவு உரிமை வழக்கில் ஆணையிட்டது.

ஆணை வந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியதுதான். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2023இல் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்திலும் இதே கதை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது நல்ல காரியம். ஆனால் அமைச்சர் ஒரு நாள் வருவார், சமைக்கிற பெண் ஒவ்வொரு நாள் காலையும் அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும். அந்த வேலையில் அவரைக் காப்பது சட்டத்தின் பொறுப்பு.

அட்டை இல்லாதவர்கள்

2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் நரிக்குறவப் பெண் ஒருவர் பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த மாதம் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் குடும்ப அட்டையும் வழங்கினார். அதுவரை அவை ஏன் இல்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. அட்டைக்கு முகவரி வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு முகவரி கிடைப்பதில்லை. அட்டை இல்லாத இருளர் குடும்பம் மழைக்காலத்தில் செங்கல் சூளைக்காரரிடமோ அரிசி ஆலைக்காரரிடமோ முன்பணம் வாங்குகிறது. அந்த முன்பணம் கொத்தடிமைத்தனமாக முடிகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல்.

அட்டை இருந்தும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அவள் குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சாவுக்குக் காரணம் மலேரியா என்றது நிர்வாகம், சோறு கேட்டே செத்தாள் என்றார் தாய். ஆதாரைக் காரணம் காட்டி உணவை மறுக்கக்கூடாது என்று மத்திய அரசு அதற்குப் பிறகுதான் அறிவுறுத்தியது. சுண்ணாம்பிலும் சேற்றிலும் தேய்ந்த விரல் ரேகையை ரேஷன் கடைக் கருவி ஏற்காதபோது, அந்த அறிவுறுத்தலைக் கடைக்காரருக்கு நினைவூட்ட நம்மில் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு இன்னும் மாதம் 200 ரூபாய்தான். தமிழ்நாடு 2023இல் மொத்தத் தொகையை 1,200 ரூபாய் ஆக்கியது. தனியாக வாழும் ஒரு மூதாட்டிக்கு அரிசிக்கு மேல் பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நமக்குள்ளும் கணக்கு உண்டு. புதிரை வண்ணர் குடும்பத்துக்குச் சாதிச் சான்று கிடைத்ததா, காலனிக் கோடியில் இருக்கும் அருந்ததியர் வீட்டுக்கு அட்டை இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லையென்றால், ஆரோக்கியத்தின் சோற்றுச் சட்டி இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. அடுத்த கிராம சபையில் நம் ஊரில் அட்டை இல்லாத குடும்பங்களின் பெயர்களைத் தீர்மானமாகப் பதிவு செய்வோம். காலனிக்குப் பகுதிநேரக் கடையாவது கேட்போம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் சமூகத் தணிக்கை நம் ஊர்க் கடையில் நடந்ததா என்று எழுதிக் கேட்போம். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் நம் பெண்ணுக்குத் தொந்தரவு வந்தால் அன்றே புகார் கொடுத்து அவரோடு நிற்போம்.

அரைப்படி கேட்டவர்களின் நினைவுக்கு நாம் செலுத்தும் மரியாதையில் இந்த வேலைகளும் சேரும்.