எரியும் கப்பலும் பத்துப்பக்கப் பகடையும்: 'செவன்த் ஸீ' விளையாடத் தொடங்குவது எப்படி?

கப்பலின் மேல்தளம் பற்றி எரிகிறது. கேப்டன் அறையில் ஒரு ரகசியக் கடிதம் இருக்கிறது. வில்லன் ஒரு சிறுவனைப் பாய்மரக் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு, படகில் இறங்கிக்கொண்டிருக்கிறான். "சரி, நீங்க என்ன பண்றீங்க?" என்று மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்ற விளையாட்டு வகையே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. நான்கைந்து பேர் கூடி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். உலகம், வில்லன், அடியாள், மழை, நெருப்பு எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு கதாபாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்தில் பகடை பேசும். போர்டு தேவையில்லை, காய்கள் தேவையில்லை, ஜெயித்தவர் தோற்றவர் என்ற கணக்கும் கிடையாது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தப் பையன்கள் விளையாடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1974-ல் வந்த இந்த வகையின் மூத்த அண்ணன்.

அந்த அண்ணனின் உலகில் குகையும் புதையலும் மந்திரவாதியும் அதிகம். "எனக்கு வாள் வேணும், கப்பல் வேணும், பஞ்ச் டயலாக் வேணும்" என்பவர்களுக்காக வந்தது 'செவன்த் ஸீ'.

இது எந்த மாதிரிக் கதை?

ஆங்கிலத்தில் 'ஸ்வாஷ்பக்ளிங்' என்பார்கள். பளபளப்பான வாள், அதைவிடக் கூர்மையான வாய், அநியாய அதிகாரத்துக்கு எதிராக ஒரு துணிச்சல்காரர். 1844-ல் வெளிவந்த 'தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்' இதன் ஆதார நாவல்களில் ஒன்று. தமிழ் ரசிகர்களுக்கு இந்த வகை ஒன்றும் புதிதல்ல. 1965-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்', 'கேப்டன் பிளட்' என்ற கடற்கொள்ளையர் கதையின் வழியில் வந்த படம். 1958-ன் 'நாடோடி மன்ன'னில் 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா'வின் ஆள்மாறாட்டம் இருக்கிறது. சரவிளக்கில் தொங்கி மறுபக்கம் குதிப்பவரைப் பார்த்து விசில் அடித்தவர்களுக்கு, இந்த விளையாட்டின் சுவை ஏற்கெனவே பாதி தெரியும்.

'செவன்த் ஸீ' முதலில் 1999-ல் அமெரிக்காவில் வெளியானது. அதன் வடிவமைப்பாளர்களில் முக்கியமானவர் ஜான் விக். (கீனு ரீவ்ஸ் படத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படம் வந்ததே 2014-ல்தான்.) இரண்டாம் பதிப்புக்காக 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்கப்பட்ட தொகை 30,000 டாலர். 11,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து கொடுத்தது 13 லட்சம் டாலருக்கும் மேல். 2019-ல் கேயாசியம் நிறுவனம் இதன் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றது.

கதை நடக்கும் நிலம் 'தேயா'. 17-ம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஒரு மாயக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. 'மோன்டேன்' பிரான்ஸ் போன்றது. ஆடம்பரம் உச்சத்தில், மக்கள் பசியில். 'காஸ்டீல்' ஸ்பெயின் மாதிரி. 'ஐசென்' முப்பதாண்டுப் போரில் சிதைந்த ஜெர்மனி, அதன் காடுகளில் இப்போது பேய்கள் திரிகின்றன. 'வொடாச்சே' இத்தாலி, அங்கே விதியின் நூல்களை இழுக்கத் தெரிந்த சூனியக்காரிகள். கடலில் கொள்ளையர்கள் உண்டு. ஆனால் உண்மையான கொள்ளைக்காரன் அவர்களில் இல்லை. மனிதர்களை அடிமைகளாக வாங்கி விற்கும் ஒரு வர்த்தகக் கம்பெனிதான் அது. வியாபாரம் செய்ய வந்த கம்பெனி எதுவரை போகும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பகடை என்ன சொல்கிறது?

புதிதாக வருபவர்கள், குறிப்பாக மற்ற ரோல்பிளேயிங் விளையாட்டுகளையோ வீடியோ கேம்களையோ பழகியவர்கள், தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலான விளையாட்டுகளில் பகடை 'உன்னால் முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்று தீர்ப்பு சொல்லும். இந்த விளையாட்டு உங்களை ஏற்கெனவே நாயகன் அல்லது நாயகி என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு காரியத்தைச் செய்ய உங்களால் முடியும். அதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

எரியும் கப்பலையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்கிறீர்கள்: "கயித்தைப் பிடிச்சு தீக்கு மேல ஊசலாடி, கேப்டன் ரூம் ஜன்னலை உடைச்சுக்கிட்டு உள்ளே விழறேன்." உங்கள் பாத்திரத்தின் லாவகம் 3, உடற்பயிற்சித் திறன் 2 என்றால், பத்துப்பக்கப் பகடைகள் ஐந்து. இந்தக் காட்சியில் அந்தத் திறனை முதல்முறையாகப் பயன்படுத்துவதால் ஒன்று கூடும். வெறுமனே "ஓடறேன்" என்று சொல்லாமல் ரசித்துச் சொன்னதற்கு இன்னொன்று. மொத்தம் ஏழு.

உருட்டுவதற்கு முன்பே ஜி.எம். எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட வேண்டும். கடிதத்தை எடுக்க ஒரு 'ரெய்ஸ்'. தீ இரண்டு காயம் தரும், ஒவ்வொரு ரெய்ஸுக்கும் ஒரு காயம் குறையும். சிறுவனை அவிழ்த்துவிட இன்னொரு ரெய்ஸ். ஆக, எல்லாம் நல்லபடியாக முடிய நான்கு வேண்டும்.

இப்போது உருட்டுங்கள். 9, 7, 6, 4, 3, 2, 1 விழுகிறது. பத்து அல்லது அதற்கு மேல் வரும்படி பகடைகளைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேரும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு ரெய்ஸ். 9-ம் 1-ம், 7-ம் 3-ம், 6-ம் 4-ம் சேர்ந்தால் மூன்று ரெய்ஸ். தேவை நான்கு, கையில் மூன்று.

கடிதத்தை எடுத்து, சிறுவனையும் காப்பாற்றி, ஒரு காயத்தை வாங்கிக்கொள்ளலாம். உடலில் ஒரு கீறல்கூட விழாமல் கடிதத்தோடு வெளியே வரலாம், சிறுவன் கட்டியபடியே இருப்பான். கடிதம் எரிந்து போகட்டும் என்று விட்டுவிடவும் செய்யலாம். யாரும் உங்களுக்காக முடிவெடுக்க மாட்டார்கள். நான்கு நண்பர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த இடத்தில் சிலர் ஐந்து நிமிடம் யோசிப்பார்கள், அந்த ஐந்து நிமிடம்தான் இந்த விளையாட்டின் உயிர்.

மிச்சமாகிக் கிடக்கிற அந்த '2' வீணாகாது. ஜி.எம். அதை விலைக்கு வாங்கலாம். உங்களுக்கு ஒரு 'ஹீரோ பாயின்ட்' கிடைக்கும், அவருக்கு ஒரு 'டேஞ்சர் பாயின்ட்'. ஹீரோ பாயின்ட்டை உங்களுக்கே செலவழித்தால் ஒரு பகடை கூடும். அதையே பக்கத்தில் உள்ள நண்பருக்குக் கொடுத்தால் அவருக்கு மூன்று பகடை! தனியாகச் சாதிப்பதைவிடத் தோள் கொடுப்பது லாபம் என்று விதியே ஆசை காட்டுகிறது.

அடி வாங்கினால் பலம் கூடும்

காயக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு ஐந்தாவது காயமும் பெரிய காயம். முதல் பெரிய காயம் பட்டதும் உங்கள் பாத்திரம் பலவீனமாகாது, எல்லா உருட்டலுக்கும் ஒரு பகடை கூடுதலாகக் கிடைக்கும். எம்.ஜி.ஆர். உதட்டோரத்து ரத்தத்தைத் துடைத்த பிறகுதானே திருப்பி அடிப்பார்? அதே லாஜிக். இரண்டாவது பெரிய காயத்தில் வில்லன் கை ஓங்கும். நான்காவதில் நீங்கள் நிராதரவாக விழுவீர்கள்.

விழுந்தாலும் சாவு கிடையாது. பகடை சரியாக விழவில்லை என்பதற்காக இங்கே யாரும் இறப்பதில்லை. ஒரு வில்லன் நேரில் நின்று, டேஞ்சர் பாயின்ட் செலவழித்து, 'கொல்கிறேன்' என்று அறிவித்தால்தான் உண்டு. அப்போதும் இன்னொரு நாயகன் குறுக்கே பாய வழி இருக்கிறது.

"அப்போ பயமே இல்லையா?" என்று கேட்கலாம். பயம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கைதியைச் சித்திரவதை செய்வது, நிராயுதபாணியைக் கொல்வது போன்ற காரியங்களை உங்கள் பாத்திரம் செய்தால் 'கரப்ஷன்' புள்ளி ஏறும். முதல் முறை ஒன்று, அடுத்த முறை இரண்டு என்று கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஜி.எம். ஒரு பகடை உருட்டுவார். மொத்தப் புள்ளிக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால், கதாபாத்திரத் தாளை அவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மாதக்கணக்கில் நீங்கள் வளர்த்த நாயகி இனி அவர் கையில் ஒரு வில்லி. பலருக்குத் தன் பாத்திரம் சாவதைவிட இது வலிக்கும்.

உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள்

கதாபாத்திரம் உருவாக்கும்போது இருபது கேள்விகள் வரும். அவற்றை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். யாரை நேசிக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் பிறகு ஜி.எம். கையில் கருவியாகும்.

பாத்திரம் வளரும் முறையும் வித்தியாசம். எதிரிகளைக் கொன்று புள்ளி சேர்க்கும் வழக்கம் இங்கே இல்லை. 'என் அண்ணனைச் சிறையிலிருந்து மீட்க வேண்டும்' என்று முடிவை முதலில் நீங்கள் எழுதி வைக்க வேண்டும். அதற்கான படிகள்: காவலர் யார் என்று கண்டுபிடிப்பது, போலி ஆணை தயாரிப்பது, சிறையை உடைப்பது. மூன்று படி முடித்தால் ஒரு திறனை மூன்றாம் நிலைக்கு உயர்த்தலாம். பெரிய பரிசு வேண்டுமென்றால் நீளமான கதை. ஆக, உங்கள் பாத்திரம் எதை விரும்புகிறது என்று ஜி.எம். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, தாளிலேயே இருக்கிறது.

சிக்கல்களும் உண்டு

பாரம் பெரும்பாலும் ஜி.எம். தலையில்தான். ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுப்புது விளைவுகளை அந்த இடத்திலேயே யோசித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் கற்பனை வறண்டு, "இன்னும் ரெண்டு காயம்" என்று சொல்ல ஆரம்பித்தால் விளையாட்டு தொய்ந்துவிடும். அதனால் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பகடையை எடுக்காமல், உண்மையாகவே ஏதாவது இழக்க வாய்ப்புள்ள இடத்தில் மட்டும் உருட்டுவது நல்லது. கதவைத் திறக்கிறாரா, திறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு நகரலாம்.

கூச்சமும் ஒரு தடைதான். ஆபீஸ் முடித்து வந்து உட்கார்ந்தவர் உடனே காஸ்டீல் பிரபுபோலப் பேச முடியாது. குரலை மாற்றத் தேவையில்லை, "அவ சிரிச்சுக்கிட்டே வாளைக் கீழே போடறா" என்று படர்க்கையில் சொன்னாலும் விதிப்படி சரி. தமிழிலோ, தமிழும் ஆங்கிலமும் கலந்தோ விளையாடினால் வசனம் தானாக வரும்.

முதல் நாளுக்கு என்ன வேண்டும்?

நான்கைந்து பேர், மூன்று மணி நேரம், ஆளுக்குப் பத்து பத்துப்பக்கப் பகடைகள். '0' என்று விழுந்தால் அது பத்து. பகடை கிடைக்காவிட்டால் போனில் டைஸ் ஆப் போதும். விதிப் புத்தகம் பி.டி.எஃப். வடிவில் கிடைக்கிறது, குழுவில் ஜி.எம். ஒருவர் படித்திருந்தால் தொடங்கிவிடலாம். நண்பர்கள் வேறு வேறு ஊரில் இருந்தால் வீடியோ காலிலும் நடக்கும்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். இங்கே சொன்னதெல்லாம் இரண்டாம் பதிப்பின் விதிகள். 1999 பதிப்பின் பகடைக் கணக்கே வேறு. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தொடங்குவதற்கு முன், எந்த மாதிரிக் காட்சிகள் வேண்டாம் என்று எல்லோரும் பேசிக்கொள்வது அவசியம். அடிமை வியாபாரமும் போரும் பின்னணியில் உள்ள உலகம் இது.

கடைசியாக ஒன்று. 'டூயலிஸ்ட்' பயிற்சி பெற்ற பாத்திரங்களுக்கு வெட்டு, தடுப்பு, பாய்ச்சல் என்று தனி வாள் உத்திகள் உண்டு. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் சண்டைக் காட்சியில் அவர்கள் மற்றவர்களைவிட மிக வேகமாக எதிரியைச் சாய்த்துவிடுவார்கள். மேஜையில் ஒரே ஒருவர் மட்டும் டூயலிஸ்டாக இருந்தால், வேவு பார்ப்பதற்கும் அரசவையில் பேச்சால் மடக்குவதற்கும் பாத்திரம் உருவாக்கிய மற்ற மூவரும் போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். முதல் சாகசத்தில் யாருமே அந்தப் பயிற்சியை எடுக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வாள் சண்டை நடக்கும் அதே நேரத்தில் திறக்க வேண்டிய பூட்டு, அணைக்க வேண்டிய திரி, ஏமாற்ற வேண்டிய தளபதி என்று மற்றவர்களுக்கும் ஜி.எம். வேலை வைக்க வேண்டும்.